நாய்க்குக் கம்பங்களில் நெளிந்தோடப் பழக்குவது

அஜிலிட்டி என்கிற நாய் விளையாட்டில் தடை தாண்டுவது, சுரங்கக் குழாய்க்குள் நுழைந்து வருவது, சரிவுப் பலகையில் ஏறி இறங்குவது எல்லாம் உண்டு. தைரியமான நாய் அவற்றைப் பாதி தானாகவே செய்துவிடும். வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்பங்களுக்கு நடுவே இடமும் வலமுமாக நெளிந்து ஓடுவதை மட்டும் எந்த நாயும் தானாகச் செய்யாது. ஓடுகிற வழியில் கம்பம் இருந்தால் பக்கத்தில் ஒதுங்கிப் போவதுதான் நாயின் புத்தி. அதனால் இதைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். விருதம்பட்டில், பாலாற்றங்கரைக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கிற ஒரு காலி மனையில் என் ஜிம்மிக்கு நான் சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடிப் பக்கம் தண்டவாளத்தில் நடந்து நடந்தே வருஷங்கள் போயின, முட்டியும் தேய்ந்தது. ஜிம்மி நாட்டு நாய், பெண், செவலை நிறம், பதினைந்து கிலோ. தண்டவாளத்து ஓரம் ஜல்லிக் குவியலில் குட்டியாகக் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முட்டியைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாயோடு சேர்ந்து ஓட என்னால் ஆகாது. நான் நின்ற இடத்தில் நிற்பேன், அது தானே போய், தானே நுழையும் வாசலைக் கண்டுபிடித்து, பன்னிரண்டையும் முடித்துவிட்டு வர வேண்டும். நன்றாக ஓடக்கூடியவர்களும் இப்படித்தான் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். வரிசையின் முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். அதாவது முதல் கம்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாய் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக நுழைகிறது. எந்தத் திசையிலிருந்து ஓடி வந்தாலும் இதில் மாற்றமில்லை. உலக நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படி கம்பம் பன்னிரண்டு, இடைவெளி 60 செ.மீ., உயரம் 1 மீட்டரிலிருந்து 1.2 மீட்டர், கனம் 3 முதல் 5 செ.மீ. வரை. தப்பாக நுழைந்தால் அது மறுப்பு என்று எண்ணப்படும். மூன்றாவது மறுப்போடு நாய் போட்டியிலிருந்து வெளியே. 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத்தான் இந்த விளையாட்டைத் தொடங்கினார்கள். ஜிம்மி எந்தப் போட்டிக்கும் போகப் போவதில்லை. இருந்தாலும் அளவை மாற்றாமல் வைத்தேன். 60 செ.மீ. இடைவெளிக்கு நாயின் கால் ஒரு தாளம் பிடிக்கும். ஒரு இடைவெளி அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருந்தால் அந்தத் தாளம் பிடிபடாமல் நாய் தடுமாறும். மூங்கில் குச்சி ஒன்றைச் சரியாக 60 செ.மீ.க்கு வெட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறை நடும்போதும் அதை வைத்துத்தான் அளப்பேன். தண்டவாளத்தில் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம், பார்த்த கைக்கு அளக்காமல் நட மனசு வராது.

கம்பம் செய்வது சுலபம். ஒரு அங்குல பிவிசி பைப் ஹார்டுவேர் கடையில் இருபது அடி நீளமாகக் கிடைக்கும். மீட்டர் கணக்கில் வெட்டினால் ஒன்றில் ஆறு கம்பம், இரண்டு பைப் வாங்கினால் பன்னிரண்டு. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மேலே மூடி போட்டுவிடுங்கள். கட்டட வேலைக்குப் போடும் 12 எம்.எம். கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, முக்கால் அடி மண்ணுக்குள் இறங்கும்படி அடித்து, அதன் மேல் பைப்பைச் சொருகினால் போதும். பைப்பின் உள்பக்கம் கம்பியைவிட அகலம் என்பதால் ஆடும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றினால் ஆட்டம் நிற்கும், நாய் இடித்தால் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். வெள்ளை பைப்பில் நீல நிற இன்சுலேஷன் டேப்பைப் பட்டை பட்டையாகச் சுற்றினேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பும் பச்சையும் அதன் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: பைப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியை மட்டும் மண்ணில் விட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீர்கள். துள்ளி வருகிற நாயின் வயிற்றிலோ கண்ணிலோ அது ஏறிவிடும்.

இப்போது நான் செய்த தப்பு. ஆரம்பத்தில் ஆறு கம்பத்தை நேராக நட்டேன். பிஸ்கட்டைக் கையில் பிடித்து ஜிம்மியின் மூக்குக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே குனிந்து நடந்தேன். அதுவும் பிஸ்கட்டைத் தொடர்ந்து நெளிந்து நெளிந்து வந்தது. நான்கு மாதம் இப்படியே போனது, எனக்கும் நாய் கற்றுக்கொண்டுவிட்டது என்று சந்தோஷம். பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ், பெயர் பப்பு. ஒரு நாள் காலையில் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “தாத்தா, அது கம்பத்தையே பாக்கல. உங்க கையத்தான் பாக்குது. கைய எடுத்துட்டு ஒரு வாட்டி அனுப்பிப் பாருங்க” என்றாள். எடுத்தேன். ஜிம்மி கம்பங்களுக்குப் பக்கத்திலேயே நேராக ஓடிப் போய், அந்தக் கோடியில் நின்று என் கையைத் திரும்பிப் பார்த்தது. நான்கு மாதமும் அது கற்றது என் கையின் ஆட்டத்தை மட்டும்தான். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுத்துப் பழக்குகிறவர்களுக்கும் இதே கதிதான், அவர்கள் நாய் கயிற்றை நம்பி நிற்கும்.

அப்புறம் எல்லாக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டு இரண்டே இரண்டில் தொடங்கினேன். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போகிற இந்த முறை அஜிலிட்டி பழக்குகிறவர்களிடம் பரவலாக இருக்கிறது.

பிளாட்பாரக் கடிகாரத்தைத் தரையில் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நாயும் நீங்களும் நிற்பது 6 மணி இடத்தில், போக வேண்டியது 12 மணிப் பக்கம். முதல் நாள் இரண்டு கம்பமும் 9-லும் 3-லும் இருக்கும், வீட்டு வாசல் மாதிரி திறந்து. இடது கைப்பக்கம் இருப்பது முதல் கம்பம், வலது கைப்பக்கம் இருப்பது இரண்டாவது. நாய் நடுவே நேராகப் போனாலே போதும். பிற்பாடு, நாய் தப்பில்லாமல் போகப் போக, முதல் கம்பத்தை 8-க்கும் இரண்டாவதை 2-க்கும் நகர்த்த வேண்டும். அடுத்தது 7-ம் 1-ம். கடைசியில் 6-ம் 12-ம். அப்போது இரண்டும் நேர்க்கோட்டில் வந்துவிடும், நாய் முதல் கம்பத்தை இடது தோளுக்கு விட்டு உள்ளே புகுந்து, இரண்டாவதை வலது தோளுக்கு விட்டு வெளியே வரும். வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் நாய்க்கு அது புதிதாகவே தெரியாது. மூடிய வாசலை முதல் நாளே காட்டினால்தான் சிக்கல்.

அந்த முதல் காலையை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. இரண்டு கம்பத்தை நட்டுவிட்டு, இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சும்மா நின்றேன். வாயும் திறக்கவில்லை. ஜிம்மி என் முன்னால் உட்கார்ந்து பையையே பார்த்தது. எழுந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றியது. முன்காலால் என் முட்டியைத் தட்டியது. சின்னதாக ஒரு முனகல். நான் அசையவில்லை. சலித்துப்போய்க் கம்பத்துப் பக்கம் நடந்து, நீல டேப்பை மோந்து பார்த்தது, இடது காது மட்டும் என் பக்கம் திரும்பி இருந்தது. தலையை நீட்டி, அப்புறம் தோளை நீட்டி, இரண்டுக்கும் நடுவே நுழைந்தது. அந்த நொடியில் “ஆங்!” என்று சொல்லி, பையிலிருந்த தீனி முடிச்சை அதன் தலைக்கு மேலே தூக்கி, போகிற திசையிலேயே முன்னால் வீசினேன். ஓடிப் போய்க் கவ்விக்கொண்டது. இரண்டாவது தடவைக்குக் கால் மணி நேரம் ஆகவில்லை, கால் நிமிஷம்கூட ஆகவில்லை. நான்காவது தடவை என்னைப் பார்க்காமலே கம்பத்துக்கு ஓடியது.

வெகுமதியை எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் இதில் பாதி வித்தை. கையிலிருந்து கொடுத்தால் நாய் நுழைந்த உடனே நம்மிடம் திரும்பி வரும், நாளைக்கு ஆறாவது கம்பத்தில் வெளியே பாயும். கம்பங்கள் போகிற கோட்டில், நாய்க்கு முன்னால் போய் விழ வேண்டும். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, பழைய சாக்ஸில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன். அதை வீசுவேன். ஜிம்மி கவ்விக்கொண்டு வந்து தரும், நான் முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு எடுத்துக் கொடுப்பேன். ஈரலை அப்படியே வீசினால் புல்லுக்குள் போய்விடும், அது தேடிக்கொண்டே நின்றுவிடும். முட்டையும் வேகவைத்துக் கொடுக்கலாம். ஆற்காடு மக்கன் பேடா வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். சர்க்கரை ஒரு பக்கம், உள்ளே இருக்கும் உலர்திராட்சை நாய்க்கு விஷம். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சிய கறியும் வேண்டாம், அதிலுள்ள வெங்காயமும் நாய்க்கு ஆகாது.

தப்பாகப் போனால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். திட்டவும் வேண்டாம், “அய்யோ” என்று சொல்லவும் வேண்டாம். சாக்ஸ் பையிலேயே இருக்கும், அவ்வளவுதான். நாய் திரும்பி வந்து மறுபடி முயற்சி செய்யும். தொடர்ந்து மூன்று தடவை தப்பினால் வாசலை நாம் சீக்கிரம் திருப்பிவிட்டோம் என்று அர்த்தம். 7-1-லிருந்து 8-2-க்குத் திரும்பிப் போங்கள். ஜிம்மிக்கு 7-1-ல் ஒரு வாரம் ஆனது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், எட்டுப் பத்து தடவை, அவ்வளவுதான். இன்னும் வேண்டும் என்று நாய் நினைக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு கம்பம் 7-1-ல் உறுதியானதும், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். 6 மணியில் மட்டும் நின்று அனுப்பியவர், 5-லிருந்து, 4-லிருந்து, 7-லிருந்து, 8-லிருந்து அனுப்ப வேண்டும். எந்தக் கோணத்திலிருந்து வந்தாலும் முதல் கம்பம் இடது தோளுக்கு என்பதை நாயே கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து, அதாவது 8 மணிப் பக்கமிருந்து வருவது கடினம். நாய் முதல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நுழைய வேண்டியிருக்கும், வேகமாக வந்தால் வாசலில் நுழையாமல் தாண்டிப் போய்விடும். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் எல்லாரும் பிறகு வருத்தப்படுகிறார்கள். நான் இதற்கு மட்டும் மூன்று வாரம் கொடுத்தேன், அந்த மூன்று வாரம்தான் இன்றைக்கு என் முட்டியைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது நான்கு கம்பம். இரண்டாவது ஜோடியை முதல் ஜோடிக்கு மூன்று மீட்டர் தள்ளி, அதே மாதிரி திறந்து வையுங்கள். நாய் முதல் வாசலைத் தாண்டி இரண்டாவது வாசலுக்கும் போனால்தான் சாக்ஸ். இரண்டு மீட்டர், ஒன்றரை, ஒன்று என்று நெருக்கி, இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவதுக்கும் 60 செ.மீ. வரும் வரை கொண்டுவந்து, அதற்குப் பிறகே இரண்டு ஜோடியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். நெருக்குவது, திருப்புவது இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். நான்கு நேரானதும் ஆறு வெகு சீக்கிரம் வரும். ஆறும் ஆறும் சேர்ந்து பன்னிரண்டாவதும் அப்படியே.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் நான்கு கம்பம் வரை தொடங்கவில்லை. நாய்க்குத் தெரியாத வேலைக்குப் பெயர் வைத்தால் அது வெறும் சத்தம். என் மனைவி குடியாத்தத்துக்காரர், பிறந்த வீட்டில் தறி இருந்தது. ஒரு நாள் காப்பி கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, தறியில நாடா ஓடுற மாதிரியே ஓடுதே” என்றார். நெய்யும்போது நூலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே, அதுதான் நாடா. அன்றைக்கே “நாடா” என்பது கட்டளையாகிவிட்டது. நீளமான ‘ஆ’ சத்தத்தில் முடிவதால் தூரத்திலிருந்தும் காது கேட்கும், “வா”, “உட்கார்” எதோடும் குழம்பாது. நாய் கம்பத்தைப் பார்த்து ஓடத் தொடங்கும் அந்த நொடியில் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். நாடா நாடா நாடா என்று கூடவே கத்திக்கொண்டு போகக் கூடாது.

பன்னிரண்டு வந்த பிறகு ஒரு கோளாறு வரும், எல்லாருக்கும் வரும். பத்தாவது கம்பத்தில் நாய் வெளியே வந்துவிடும். ஜிம்மிக்கும் வந்தது. நாய் அசதியில் செய்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் போனில் படம் பிடித்துக் காட்டினாள். ஜிம்மி பத்தாவதுக்கு வருவதற்கு முன்பே என் தோள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. நாய் நம் உடம்பைத்தான் படிக்கிறது. இப்போதெல்லாம் கடைசிக் கம்பத்துக்கும் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். நாய் அதைத் தாண்டும் வரை நான் திரும்புவதில்லை. நாய் பழகிய பிறகு நீங்கள் வேண்டுமென்றே இடப்பக்கம், வலப்பக்கம், பின்னால் என்று மாறி மாறி நின்று, சில தடவை எதிர்ப்பக்கம் நடந்தும் பாருங்கள். நீங்கள் எங்கே போனாலும் அது கம்பத்தை விடாமல் முடிக்க வேண்டும்.

பப்பு ஓடுவது வேறு மாதிரி. ஜிம்மி முன்கால்களை ஒன்று மாற்றி ஒன்றாக, நீச்சல் அடிப்பதுபோல் வைக்கும். ஸ்பிட்ஸ் சின்ன நாய், இரண்டு முன்காலையும் சேர்த்து முயல் மாதிரி தத்தித் தத்திப் போகும். இரண்டும் சரிதான். உயரத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதை நாயே தேர்ந்துகொள்ளும், நாம் மாற்றப் போகக் கூடாது.

வயதை மட்டும் கவனியுங்கள். எஃப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. நெளிந்தோடும்போது தோளும் முதுகெலும்பும் ஒவ்வொரு கம்பத்துக்கும் திரும்புகின்றன. எலும்பு முற்றாத குட்டியை நேர்க்கோட்டுக் கம்பத்தில் விடாதீர்கள். 9-3 வாசலில் விளையாடட்டும், போதும். தொடங்கும் முன் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டி, தோளையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நொண்டினால் அன்றைக்கு லீவு. நகம் நீளமாக இருந்தால் வெட்டுங்கள்.

தரை, வெயில் இரண்டும் எங்கள் ஊரில் பெரிய விஷயம். பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஆற்றுக்குள் கொண்டுபோகாதீர்கள். கால் புதையும், திரும்பும்போது மணிக்கட்டு பிசகும். சிமெண்ட் தரை வழுக்கும். கெட்டியான மண்ணில் குட்டைப் புல் இருந்தால் அதுதான் சரி. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. மார்ச் பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஆறே முக்காலுக்குள் முடித்துவிடுவோம். அக்னி நட்சத்திரத்தில் கம்பமே நடுவதில்லை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு குறையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். பப்பு மாதிரி அடர்ந்த ரோமம் உள்ள நாயை ஜிம்மிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஐப்பசி மழையில் மனை சேறாகிவிடும். ஈரக் களிமண்ணில் திரும்பும்போது பின்கால் வழுக்கும், அதனால் மண் காய்ந்து காலில் ஒட்டாமல் ஆகும் வரை பழக்கம் கிடையாது. கம்பிகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, சாக்குப்பையில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுவேன். மழையில்லாத நாட்களிலும் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவேன், சாயங்காலம் அந்த மனையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பைப் பன்னிரண்டு, கம்பி பன்னிரண்டு. இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் ஜிம்மியைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.